மோதிரத்தில் ஏறிய வெறுங்கல்

காங்கேயம் பக்கம் மணியக்காரர் நாச்சிமுத்துவின் காட்டில் வண்ணக்கல் தோண்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நல்ல கல் அகப்பட்டால் தோண்டியவனுக்குப் பாதிப் பங்கு, வெறுங்கல் என்றால் ஒன்றுமில்லை. எது நல்ல கல் என்று சொல்கிறவர் மணியக்காரர்! மாரப்பன் தலை நரைக்கும்வரை ஊதாவும் நீலமும் பச்சையுமாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவரும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெறுங்கல்லுடா" என்று சொல்லி மடியில் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் குழி சரிந்து மாரப்பன் செத்தான். மூடிய கைக்குள் பச்சையாக ஏதோ மின்னியதாம்.

புதைத்த ஈரம் காயுமுன் மணியக்காரர் ஊரைக் கூட்டிவிட்டார். "ஏ புள்ளே, அந்தக் கல்லப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டா. இல்லீன்னா குடிசையக் காலி பண்ணு" என்றார் மாரப்பன் பெண்டாட்டி வெள்ளாத்தாளிடம்.

அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "அது வெறுங்கல்லுங்க சாமி. அதான் அவரு கையோடவே புதைச்சுட்டேன்."

"வெறுங்கல்லுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானுங்க. போன மழைக்கு அவரு கொண்டாந்ததும் இதே நெறம், இதே மினுக்கம். வெறுங்கல்லுன்னீங்க. அதத்தானே இப்ப மோதிரத்துல பதிச்சுப் போட்டிருக்கீங்க?"

ஊரே மோதிரத்தைப் பார்த்தது. மணியக்காரர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

குடிசை தப்பியது. ஆனால் கல் கிடக்கும் இடம் இப்போது ஊருக்கே தெரியும். அன்று முதல் வெள்ளாத்தாள் அந்தக் குடிசையில் படுத்ததே இல்லை. அரிவாளும் கையுமாகப் புருஷனின் புதைகுழி மேட்டில்தான் கிடக்கிறாள்.