மங்கையம்மாள் குடித்த மருந்து

"விஞ்ஞானம் மனுஷனைச் சாகாம வாழவைக்குமா, அம்மா?"

கேட்டவர் அம்பலவாணன். உயிரணுக்களை ஆராய்ந்தே தலை நரைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஜவ்வாது மலையடிவாரத்து மடத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். மடத்துக்குத் தலைவி மங்கையம்மாள். அவரைவிட இருபது வயது இளையவள்.

"அது உங்க படிப்பு. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

நழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் அவர் ஞானம் தேடி வந்தவர் இல்லை. சாவைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் மேல் அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். எட்டாத பழம் என்பதால் புளிக்கும் என்கிறார்கள், கைக்கு எட்டினால் முதலில் கடிப்பவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே சாதம் வடித்து, கூடம் பெருக்கி, கூடவே இருந்தார்.

ஒருநாள் காலை, இடுப்பிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தன் பழைய ஆய்வுக்கூடத்தில் செய்தது என்றார். கிழட்டு எலிகள் இதைக் குடித்துக் குட்டிகளைப் போல ஓடுகின்றன, குடித்தவருக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை என்றார்.

புட்டியில் இருந்தது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

மறுத்தால் பயந்தாள் என்று ஆகும். குடித்தால் சாவைப் பற்றி இதுவரை பேசியதெல்லாம் வாய்ப்பேச்சு என்று ஆகும். எப்படியும் சிக்குவாள்.

மங்கையம்மாள் புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"கசக்குமா?"

"கசக்காது."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அம்பலவாணனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் காலை எல்லாரும் கூடும்போது குட்டை உடைப்பது என்று முடிவு செய்தார்.

மறுநாள் கூடத்துக்கு அவள் வரவில்லை.

போய்க் கூப்பிட்டவர்களிடம், அடுத்த மாதம் பேசலாம், இப்போது என்ன அவசரம் என்று சொல்லி அனுப்பினாள். விடியுமுன் எழுந்துகொள்கிறவள், வெயில் ஏறும்வரை தூங்கினாள். வரப்புத் தகராறோடு வந்த அண்ணன் தம்பியை, பத்து வருஷம் போகட்டும் என்று திருப்பி அனுப்பினாள். குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்லி வந்தவர்களிடம், அவன் வளர்ந்து பெரியவனாகட்டும், பொறுமையாக யோசிக்கலாம் என்றாள்.

நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று முதலில் அவர் மகிழ்ந்தார்.

பிறகு வேறொரு சந்தேகம் முளைத்தது. தெரிந்தே நடிக்கிறாளோ? சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கேட்டுவிடலாம். கேட்டால், தான் பொய் சொன்னதை முதலில் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் நவமணி வந்தாள். மலைப்பாதையில் பஸ் ஓட்டிய கோதண்டத்தின் மனைவி. அவனுக்குக் கல்லீரல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனுஷன் பயந்து கிடக்கிறான். அம்மா பக்கத்தில் வந்து கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்கிறான். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு சேதி வந்தால், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டுக் கிளம்புவாள் மங்கையம்மாள். அம்பலவாணனே பார்த்திருக்கிறார். பகட்டு என்று நினைத்தும் இருக்கிறார்.

இப்போது அவள் நாவல் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வர்றேம்மா. நீ போ" என்றாள்.

"எப்பம்மா?"

"வருவேன். நான் எங்க போயிடப்போறேன்?"

நவமணி அழவில்லை. வாசல் படலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடனே எழுந்து வீடு இருக்கும் பக்கம் பார்த்தாள். நாலடி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள். காத்திருந்தால் அவன் தனியாகவே கண்ணை மூடிவிடுவான். வீடு திரும்பினால் அவன் கேட்ட அம்மா இல்லாமல் போக வேண்டும்.

அந்த எழுந்திருப்பையும் உட்கார்வதையும் அம்பலவாணனால் பார்க்க முடியவில்லை. மரத்தடிக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினார்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கு நேரம் இல்ல."

"எனக்கு இருக்கே."

"அவ புருஷனுக்கு இல்லம்மா."

மங்கையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சத்தமாகவே சொன்னாள்:

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? எனக்குக் கொடுத்தீங்களே, அதுல ஒரு புட்டி அவனுக்கும் கொடுங்க."

படல் ஓரம் சலசலத்தது. நவமணி எழுந்து வந்துவிட்டாள். அவள் கண் அம்பலவாணனின் கைகளில் இருந்தது.

"மருந்து இருக்குதுங்களா அய்யா?"

மங்கையம்மாள் உதவிக்கு வரவில்லை. நவமணி இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றாள்.

வாழ்நாளில் எத்தனையோ சபைகளில் பேசியவர். இந்த ஒரு வாக்கியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லம்மா" என்றார். "அப்படி ஒரு மருந்து இல்ல. எங்களுக்கு இன்னும் கிடைக்கல. நான் அம்மாவுக்குக் கொடுத்தது வெறும் தண்ணி."

நவமணியின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

அதற்குள் மங்கையம்மாள் எழுந்துவிட்டாள். புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. நவமணியின் தோளைப் பிடித்துத் திருப்பி, படலைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். அவள் நடைக்கு நவமணி ஓட வேண்டியிருந்தது.

அம்பலவாணன் மரத்தடியிலேயே நின்றார். மனசு இன்னும் அடங்கவில்லை. பின்னாலிருந்து கத்தினார்.

"அம்மா, அது தண்ணின்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவள் திரும்பவில்லை.

"வந்துகிட்டே கேளுங்க."