பூசணிக்காய் ஏற்றிய நாய்வண்டி

தேரிக்காட்டுச் செம்மணலில் சுயம்பு தன் தம்பிமார் லிங்கதுரை, தங்கபழம் இருவரோடும் தற்சார்பாக வாழ்ந்தான். தின்பதெல்லாம் சொந்த விளைச்சல். விளக்கு எரிவது வெயிலின் புண்ணியத்தில். பெட்ரோல் வண்டிக்கு வேலிக்குள் அனுமதியில்லை. தோட்டத்தில் எல்லாமே காய்த்தன. மூவருக்கும் மூளை மட்டும் இன்னும் காய்ப்புக்கு வரவில்லை.

பின்லாந்தில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர் செல்வின் லீவில் வந்து, பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியைப் பற்றிச் சொன்னதிலிருந்து சுயம்புவுக்கு வேறு நினைப்பில்லை. பனைமரத்தைப் பிளந்து வண்டி செய்தான். ஆறு நாட்டு நாய்களைப் பூட்டினான். மணலில் அது வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்துச் செல்வினே அசந்துபோனார்.

"காதை நல்லா மூடிக்கோங்க. முன்னால ஓடுற நாய்தான் தலைவன். வழியில அது செய்யிறதுக்கு மாறா எதுவும் செய்யாதீங்க" என்று பின்லாந்துப் பழக்கத்திலேயே புத்தி சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

சித்திரையில் சுயம்புவின் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். பந்திச் சாம்பாருக்குப் பூசணிக்காய் அவன் பொறுப்பு. மனைவி பேச்சிக்கனி முந்தின நாளே கல்யாண வீட்டுக்குக் கிளம்பியபோது சொன்னாள்: "பந்திக்கு முன்ன காய் வரலைன்னா, நீங்க அந்த நாய்களோடயே குடும்பம் நடத்துங்க."

மறுநாள் மண்டை பிளக்கிற வெயிலில் மூவரும் காதைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர் கட்டிக்கொண்டு, பூசணிக்காய் ஏற்றிய நாய்வண்டியில் புறப்பட்டார்கள். பாதி வழியில் தலைவன் ஒரு முட்செடியருகே நின்று காலைத் தூக்கியது.

"அண்ணே, நாமளும் தூக்கணுமோ?" என்றான் தங்கபழம்.

"எந்தக் காலுன்னு சரியா பாருல" என்றான் லிங்கதுரை.

சுயம்பு குனிந்து பார்த்தான். "பின்னங்காலு. நமக்கு இருக்கிறது ரெண்டும் பின்னங்காலுதான். ஒண்ணைத் தூக்குங்க."

தூக்கினார்கள்.

அதற்குள் தலைவன் மூக்கில் கறி வாசம் ஏறியது. கிழக்கே பிய்த்துக்கொண்டு ஓடியது.

"கல்யாண வீடு மேற்கேல்ல அண்ணே?" என்றான் லிங்கதுரை.

"நேத்து வரைக்கும் மேற்கேதான் இருந்துச்சு. தலைவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

வண்டி முன்பின் தெரியாத ஊரில், ஒரு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து பிரியாணி அண்டாவின் பக்கத்தில் நின்றது. சமையல்காரர் கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்தார். மூவரும் பூசணிக்காய்களை இறக்கத் தொடங்கினார்கள். சுயம்புவின் போன் அலறியது.

"இலை போட்டாச்சு! எங்க நிக்கீங்க?" என்றாள் பேச்சிக்கனி.

"பந்தல்லதான். உன்னையத்தான் காணோம்."

"எந்தப் பந்தல்ல?"

சுயம்பு திரும்பிப் பார்த்தான். அண்டாவுக்கு அருகில் தலைவன் காலை நீட்டிப் படுத்துவிட்டது. சுயம்புவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

"இதுதான் இடம். பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் இங்க வந்துருங்க. ஆனா மெதுவாவே வா. நாற்காலியில வேற ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கான். தம்பிமார் ரெண்டு பேரும் அவனை எழுப்பிக்கிட்டு இருக்கானுவ."