நல்லபெருமாள் சாரும் முப்பத்திரண்டு தெருவிளக்குகளும்

நல்லபெருமாள் சார் வாயைத் திறந்தால் அடைகாக்கிற கோழிகூட எழுந்து வந்து கேட்கும் என்பார்கள் எங்கள் பக்கத்து வாத்தியார்கள். நம்பும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. மாவட்டம் முழுக்க ஒரே தேர்வு. விடைத்தாளில் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கிழித்துவிட்டு வெறும் எண்ணை மட்டும் வைத்திருப்பார்கள். யார் பிள்ளையை யார் திருத்துகிறார்கள் என்று ஆண்டவனுக்கும் தேர்வு அலுவலகத்துக்கும்தான் தெரியும்.

அன்று காலை திலகராணி டீச்சர் கையில் வந்த கட்டுக்குள் முப்பத்திரண்டு விடைத்தாள். கடைசிக் கேள்வி, ஊருக்குத் தெருவிளக்கு கேட்டு ஆணையருக்கு விண்ணப்பம். எட்டு மதிப்பெண். முதல் தாளைப் பிரித்ததும் டீச்சருக்குச் சிலிர்த்துவிட்டது. "இருள் என்னும் மதயானை எங்கள் தெருவை மிதிக்கிறது. ஒளி என்னும் அங்குசம் ஏந்தி வருக ஐயா" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எட்டுக்கு எட்டு போட்டார். இரண்டாவது தாளிலும் அதே யானை வந்தது. மூன்றாவதிலும் வந்தது. முப்பத்திரண்டு தெருவிலும் முப்பத்திரண்டு யானை. அதுவாவது போகட்டும். எல்லாத் தாளிலும் 'எங்கள் ஊராகிய' என்பதை அடுத்து, அடைப்புக்குறி போட்டு, 'இங்கே உங்கள் ஊர்ப் பெயரை எழுதவும்' என்று பிள்ளைகள் பயபக்தியோடு எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு கட்டு முழுக்க ஒரே விடை வந்தால் தனிக் கயிறு கட்டி முதன்மைத் தேர்வாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது முகாமின் விதி. கயிறு கட்டினால் விசாரணை, ரிசல்ட் நிறுத்தம், ஜூனில் மறுதேர்வு. டீச்சர் கயிற்றைத் தொடவில்லை. ரிசல்ட் நின்றுபோன பெண்பிள்ளைகளில் பாதி ஜூன் வரைக்கும் வீட்டில் சும்மா இருக்காது, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடும், போனது திரும்பாது. இருபது வருஷமாக அவர் பார்க்கிறதுதானே. கையெழுத்து வேறு வேறு, பிழைகளும் வேறு வேறு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியதில்லை, யாரோ கொடுத்ததை எல்லாரும் மனப்பாடம் செய்தது. ஆனால் கொடுத்த புண்ணியவான் யார் என்று எந்தத் தாளைக் கேட்பது? கட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் பதினோரு மணி டீக்குப் போனார்.

அங்கே நல்லபெருமாள் சார் ஏற்கனவே அரங்கேறிவிட்டார். மாவட்டத்துக்கு ஒரு எழுத்துப் பயிற்றுநர் போடப்போகிறார்கள், அதற்கு ஆளைப் பரிந்துரைக்கப்போவது முதன்மைத் தேர்வாளர் தாவூது சார்தான் என்று செய்தி கசிந்திருந்தது. அதனால் சாரின் பேச்சு பேச்சிமுத்து சாரைப் பார்த்து நடந்தாலும், காது மட்டும் தாவூது சார் பக்கமே இருந்தது.

"எழுத்தைச் சொல்லிக்குடுக்கக் கூடாதுவே. வயசறிஞ்சு தூண்டிவிடணும்" என்றார் நல்லபெருமாள் சார், கடலைமிட்டாயை நொறுக்கியபடி. "ஒண்ணாங்கிளாஸ் பையன் ஒருத்தன். மணல்ல 'அ' எழுதச் சொன்னேன். எழுதினான் பாருங்க, அந்தச் சுழியோட வடிவத்தைப் பாத்துட்டு ஒரு கோழி வந்து அதுக்குள்ளயே உக்காந்து முட்டையிட்டு அடைகாத்துச்சு. நாலாம் நாள் குஞ்சு பொரிச்சிருச்சு."

"குஞ்சு பொரிக்க இருவத்தோரு நாள் ஆகும்லாவே?" என்றார் பேச்சிமுத்து சார். அவர் வீட்டில் கோழி உண்டு.

"மத்த இடத்துல இருவத்தோரு நாள். இது உயிரெழுத்துல்லா!"

பேச்சிமுத்து சாருக்கு டீ புரையேறியது. அவர் இருமி முடிப்பதற்குள் சார் நாலாம் வகுப்புக்குத் தேறிவிட்டார்.

"நாலாங்கிளாசுக்கு வர்ணனை. மாம்பழத்தைப் பத்திப் பத்து வரி எழுதுங்கடேன்னேன். ஒரு பிள்ளை எழுதின நோட்டுல எறும்பு மொச்சிருச்சு. ஏழாவது வரியை மட்டும் தின்னுட்டுப் போயிருச்சு, அதுலதான் பழம் நல்லாப் பழுத்திருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து இன்ஸ்பெக்‌ஷன். வந்த அதிகாரி நோட்டைப் பிரிச்சாரு, முழங்கை வரைக்கும் சாறு வழியுது!"

"அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுமேன்."

"எங்க இருக்கு? மிச்சத்தை அதிகாரி சப்பிட்டுக் கொட்டையை மட்டும்லா குடுத்துட்டுப் போனாரு. எங்க பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கிற மாமரம் எதுலேருந்து வந்துச்சுன்னு நினைச்சீரு?"

தாவூது சார் மீசைக்குள் சிரித்தார். அதைத் தலையசைப்பு என்று எடுத்துக்கொண்டார் நல்லபெருமாள் சார். காற்று கிடைத்த பட்டம் அதற்குமேல் தரையில் நிற்குமா?

"ஏழாங்கிளாசுக்குக் கட்டுரை. 'ஒரு மழைநாள்'. ஒரு பய எழுந்திரிச்சு வாசிக்கான், வகுப்புக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. அடுத்த பத்திக்கு முட்டளவு. பய முற்றுப்புள்ளி வைக்க மறந்துட்டான், மழை நிக்க மாட்டேங்குது! மூணு நாள். கடைசியில நான் பெஞ்சைக் கவுத்துப் போட்டு, ஒரு கம்பால தள்ளிக்கிட்டே போயி, அவன் நோட்டைப் பிடிச்சு ஒரு புள்ளி வச்சேன். பட்டுன்னு வெயில் அடிச்சிருச்சு."

"எந்த வருஷம்வே? எங்க கிணத்துல பத்து வருஷமா வாளி தரையிலதானே முட்டுது."

"அவன் கட்டுரையில உங்க தெரு வரலையே, நான் என்ன செய்ய?"

திலகராணி டீச்சர் ஓரமாக நின்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனம் முழுக்க அந்த விடைத்தாள் கட்டிலேயே கிடந்தது.

"இதெல்லாம் சின்னப்பிள்ளை வெளையாட்டு" என்று குரலைத் தாழ்த்தினார் சார். தாழ்த்தினால் பெரிசாக வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். "ஒன்பதாங்கிளாஸ்தான் என் கோட்டை. நான் போர்டு பக்கமே போறதில்ல. சாக்பீஸைத் தொட்டு ஒன்பது வருஷமாச்சு. தெருவிளக்கு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கன்னு சொல்லிட்டுச் சும்மா நிக்கேன். ஒரு பிள்ளை, தானா, ஊத்துப் பெருகுத மாதிரி எழுதுதா. 'இருள் என்னும் மதயானை எங்கள் தெருவை மிதிக்கிறது. ஒளி என்னும் அங்குசம் ஏந்தி வருக ஐயா'ன்னு! ஆணையர் படிச்சாரு. குலுங்கிக் குலுங்கி அழுதாரு. ஆள் அனுப்புறதுக்குள்ள தெருவுல கம்பம் தானா முளைச்சு, கரண்ட் இல்லாமலே எரிய ஆரம்பிச்சிருச்சு. இன்னும் அணைய மாட்டேங்குது. எங்க ஊர்ல குடையை விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் தூங்குதோம்."

டீச்சர் கையிலிருந்த தம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"சார், அந்த வரியை இன்னொருக்கா சொல்லுங்க."

சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, யானையையும் அங்குசத்தையும் ஒரு சொல் பிசகாமல் மறுபடி ஒப்பித்தார். கண்ணைத் திறந்தபோது டீச்சர் அங்கே இல்லை. உள்ளே போய்க் கட்டைத் தூக்கிவந்து, கடலைமிட்டாய்த் தட்டை ஒதுக்கிவிட்டு, அவர் முன்னால் வைத்தார்.

"முப்பத்திரண்டு பிள்ளைங்க இதே வரியை எழுதியிருக்காங்க சார்."

வேறு ஆளாக இருந்தால் விழித்திருப்பான். நல்லபெருமாள் சார் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா! நான் சொல்லலை? ஒரு பிள்ளைக்கு ஊறுனது அதே நிமிசத்துல முப்பத்திரண்டு பிள்ளைக்கும் ஊறியிருக்கு! நல்ல எழுத்து அம்மை மாதிரி, ஒரு பெஞ்சுல வந்தா எல்லாப் பெஞ்சுக்கும் தொத்தும்!"

"அடைப்புக்குறியுமா சார் தொத்துச்சு?" என்று டீச்சர் நாலைந்து தாள்களைப் பிரித்து வைத்தார். 'இங்கே உங்கள் ஊர்ப் பெயரை எழுதவும்' என்று எல்லாத் தாளும் சாரைப் பார்த்துச் சொன்னது.

தாவூது சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் நல்ல மனுஷர், ஆனால் விதி என்றால் விதி. "வாத்தியார் சொல்லிக்குடுக்கலைன்னா பிள்ளைங்க பாத்து எழுதியிருக்குன்னுதான் அர்த்தம். சாக்பீஸே தொடலைன்னு சாரே சொல்றாரு. தனிக் கயிறு கட்டிருங்க டீச்சர்."

டீச்சர் கயிற்றை எடுத்தார். மெதுவாகத்தான் எடுத்தார். இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்தக் கயிறு வேண்டாம். சொல்லலைன்னா இதுல பாதிப் பிள்ளைங்க அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கும். உங்க தெருவுலதான் விளக்கு அணையலையே, அந்த வெளிச்சத்துல எண்ணிப் பாத்துக்கிடுங்க."

நல்லபெருமாள் சார் தாவூது சாரைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், ஆறிப்போன டீயைப் பார்த்தார். பயிற்றுநர் வேலை அந்த டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கயிற்றின் முதல் சுற்று விழுந்தது.

"இருங்க டீச்சர்" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "அது நான் போர்டுல எழுதிப் போட்டதுதான். ஒரு பழைய நோட்ஸைப் பாத்து எழுதினேன். ஒரு எழுத்து மாறுனாலும் தோலை உரிச்சிருவேன்னு சொல்லியிருந்தேன். பிள்ளைங்க மேல தப்பில்ல."

காலையிலிருந்து அவர் சொன்னதில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரே விஷயம் அதுதான்.

"இதை எழுதிக் குடுத்துருங்க சார், கட்டோட வச்சுருவோம்" என்றார் தாவூது சார்.

"டீச்சர் எழுதட்டுமே, நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

"நாலாங்கிளாஸ் பிள்ளையே பத்து வரி எழுதும்னீங்களே" என்று டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நாலு வரி போதும் சார்."

மணி அடித்தது. எல்லாரும் திருத்தப் போனார்கள். நல்லபெருமாள் சார் மட்டும் தாளோடு உட்கார்ந்திருந்தார். மூன்று தாளைக் கசக்கினார். பேனாவை உதறினார், முகட்டைப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு ஒருவழியாகக் கொண்டுவந்து கொடுத்தார். செய்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைசி வரியில், 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று இருந்தது.

திலகராணி டீச்சர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, முதல் தாளில் போட்ட எட்டையும் அடித்து, பிள்ளைகளுக்கு எட்டுக்கு ஐந்து போட்டுக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டும் முடிந்ததும், சார் எழுதிக்கொடுத்த தாள் கட்டின் மேலே வந்தது. பழக்கம் விடுமா? சிவப்பு மையில் ஓரமாக 'எட்டுக்கு இரண்டு' என்று போட்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து பேச்சிமுத்து சார் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது? பிள்ளைங்களுக்கு அஞ்சு, வாத்தியாருக்கு ரெண்டா?"

"பிள்ளைங்க எந்த ஊர்னு எழுதத்தான் மறந்துச்சு" என்றார் டீச்சர், அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே. "சாருக்குத் தான் யாருன்னே எழுத வரலையே."