‘அனுமதி இல்லை’ என்றது சர்வர்

வேப்பங்கரட்டு மடத்தில் சாமியார் யாரும் இல்லை. இருந்த ஒருவரும் காசிக்குப் போய்வருகிறேன் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் இல்லாமலே மடம் நன்றாக நடந்தது. மத்தியானம் வருகிறவர்களுக்குச் சோறு. பூக்கட்டும் அறையாக இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் பாடம். இரண்டுக்கும் காசு கிடையாது.

பாடம் சொன்னவள் நாச்சியார். முப்பத்தைந்து வயதுக்காரி. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்த்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவள். ‘குருவே’ என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

சீடர் அவளைவிட மூத்தவர். பெயர் தவசியாண்டி. பஜாரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு, தோளில் ஒரு வாழைத்தாரோடு மடத்துக்கு வந்து நின்றார்.

“எதுக்கு அண்ணாச்சி பழம்?” என்றாள் நாச்சியார்.

“என் தம்பி பொழச்சிட்டான் தாயி. பாக்கிற எல்லாருக்கும் குடுக்கேன்.”

கடலைக்காட்டில் தம்பியைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டருக்கு மாலை போட்டாகிவிட்டது. வேன் டிரைவருக்கு வேட்டி சட்டை எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி எதிரே டீ போட்டுக் கொடுத்தவரைக்கூடத் தவசியாண்டி விட்டுவைக்கவில்லை. நன்றி சொல்ல ஆள் தேடித் திரிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“எங்கிட்ட என்ன வேணும்?”

“கடிபட்டவன் எந்தப் பக்கம் ஓடணும்னு போனைத் தட்டினாத் தெரியணும். எந்த ஆஸ்பத்திரியில இன்னைக்கு மருந்து இருக்கு, எதுல இல்ல. நாங்க அலைஞ்ச அலைச்சல் இனி ஒருத்தனுக்கும் வரக்கூடாது. கடலை பறிப்புக்கு முன்னாடி முடிக்கணும்.”

பறிப்பு தொடங்கினால் செடியோடு பாம்பையும் சேர்த்துப் பிடிக்கிற ஊர் அது. நாச்சியார் ஒரு பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றினார்கள். அதன்மேல் அப்பாச்சி என்கிற வெப் சர்வரை நிறுவினார்கள். கேட்கிறவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற ஏவலாள் அது. தவசியாண்டி ஒற்றை விரலால் அடித்த ‘வாங்க, வணக்கம்’ என்ற வரி, பக்கத்து அறையில் இருந்த நாச்சியாரின் போனில் தெரிந்தது. அவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“யார் தாயி இதைச் செஞ்சது?”

“யார் யாரோ. உலகம் பூரா இருந்து.”

“நாம காசு குடுக்கலியே?”

“அவங்க கேக்கலியே.”

“பின்ன எதுக்குச் செஞ்சாங்க?”

மத்தியானம் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த தவசியாண்டியின் கையில் நாச்சியார் சாம்பார் வாளியைக் கொடுத்தாள். முதல் பந்தியில் உண்டவர்கள் அடுத்த பந்திக்குப் பரிமாற வேண்டும். அந்த மடத்தின் வழக்கம் அதுதான். வேறு பூசை புனஸ்காரம் ஒன்றும் அங்கே பெரிதாகக் கிடையாது. குனிந்து குனிந்து ஊற்றியதில் தவசியாண்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“நான் கேட்டதுக்குச் சொல்லலியே தாயி?”

“இப்ப எதுக்குப் பரிமாறினீங்க?”

“நல்லா கேட்டீங்க. நான் சாப்பிட்டேன்லா?”

நாச்சியார் வாளியை வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்து ஸ்கிரிப்ட், அதாவது கணினி செய்யவேண்டியதைச் சொல்லும் வரிகள். ‘வாங்க, வணக்கம்’ எல்லாருக்கும் ஒன்றுதான். மருந்து விவரம் அப்படி இல்லை. கேட்கிறவரின் ஊர் எது, பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி எது, அங்கே இன்று இருப்பு உண்டா என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் அப்போதைக்கப்போது விடையை ஆக்கித் தரவேண்டும். அதற்குப் பி.எச்.பி. மொழியில் வரிகளை எழுதினார்கள். பெரும்பாலும் அவள் சொல்ல, இவர் அடித்தார். அடித்ததைவிட அழித்தது அதிகம்.

பக்கத்தைத் திறந்தால் விடை வரவில்லை. எழுதிய வரிகளே முழுசாக வந்து நின்றன.

“இதென்ன கூத்து? நான் எழுதினதையே எனக்குக் காட்டுது!”

“சாப்பாட்டுக்கு நேரமாச்சு, வாங்க,” என்றாள் நாச்சியார்.

பந்தியில் எல்லாருக்கும் சாம்பார் வந்தது. தவசியாண்டியின் இலையில் மட்டும் ஒரு கை துவரம்பருப்பு, கொஞ்சம் புளி, ரெண்டு மிளகாய் வற்றல், உப்பு. எல்லாம் பச்சையாக.

“என்ன தாயி இது?”

“சாம்பார்.”

“அடுப்பில ஏத்த ஆளில்லையா?”

“உங்க சர்வர்லயும் ஆளில்லையே அண்ணாச்சி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். விஷயம் புரிந்த தவசியாண்டி, கம்ப்யூட்டரிடம் ஓடப் பாதியில் எழப் போனார். இலையை விட்டு எழக்கூடாது என்று அதட்டி, நல்ல சாம்பாரை ஊற்றி, அவர் சாப்பிட்டு முடித்த பிறகே நாச்சியார் விட்டாள். அப்பாச்சிக்கு எடுத்துக் கொடுக்கத்தான் தெரியும், ஆக்கத் தெரியாது. ஆக்குகிற பி.எச்.பி.யையும் நிறுவி, இரண்டையும் இணைத்து, சர்வரை நிறுத்தித் தொடங்கினார்கள். தவசியாண்டி தன் ஊர்ப் பெயரை அடித்தார்.

‘தாலுகா ஆஸ்பத்திரி: மருந்து இருக்கிறது’ என்று வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு இது இருந்திருந்தா...” என்றார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் இருப்பைத் தாங்களே போனில் இருந்து மாற்றிச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்புவதை ஸ்கிரிப்ட் வாங்கி, இதுவரை இவர்களே குறித்துவைத்திருந்த இருப்புக் கோப்பில் எழுத வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது. அனுப்பிப் பார்த்தால் ‘அனுமதி இல்லை’ என்றது சர்வர். தவசியாண்டி திரும்ப அனுப்பினார். அனுமதி இல்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கினார். அனுமதி இல்லை.

நாச்சியார் அன்று அக்கா மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தாள். போனில் கேட்டதற்கு, “அது என்ன சொல்லுதுன்னு நிதானமா வாசிங்க, நாளைக்கு வந்து பாக்கேன்,” என்றாள். பின்னால் மேளச் சத்தம்.

“இல்ல, இல்லன்னு ஒரே பாட்டைத்தான் பாடுது. இதுல வாசிக்க என்ன இருக்கு?” என்று தவசியாண்டி கணினியிடம் சண்டைக்குப் போனார். அவருக்கு ‘இல்லை’ என்று சொல்கிற வாயைக் கண்டாலே ஆகாது.

இணையத்தில் தேடினார். எவனோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தான். கோப்புகள் இருக்கிற அந்த அடைவுக்கு ஏழு ஏழு ஏழு என்று அனுமதி கொடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும். கொடுத்தார். சரியாகிவிட்டது. முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் காலை நாச்சியார் வந்ததும் ஓடிப்போய்க் காட்டினார்.

“அனுமதி இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சே?” என்றாள்.

“வாயை அடைச்சிட்டேன்.”

“எப்படி?”

“ஏழு ஏழு ஏழு.”

அவள் சமையல்கட்டுப் பக்கம் போனாள். தவசியாண்டி காபி குடித்துவிட்டு வந்து பக்கத்தைத் திறந்தார். ‘ஒத்தப்பனை சுகாதார நிலையம்: மருந்து இருக்கிறது’ என்று வந்தது.

“தாயி! இது பொய்! அங்க மருந்தே கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? காலையிலகூட இல்லைன்னு அவங்களே அனுப்பினாங்களே. யாரு மாத்தினது?”

“சமையல்கட்டு.”

“இன்னைக்கு ரசமா மோர்க்குழம்பான்னு சமையல்காரர் கம்ப்யூட்டர்ல எழுதுவாரே, அந்த லாகின் கணக்கா?”

“அதேதான். அந்தக் கணக்கில உள்ள போய் நான்தான் மாத்தினேன். அதுவும் இதே பெட்டியிலதானே இருக்கு. ஏழுன்னா முழு உரிமை. மொத ஏழு உடையவருக்கு. ரெண்டாவது அவர் கூட்டத்துக்கு. மூணாவது ஏழு யாருக்கு அண்ணாச்சி?”

தவசியாண்டி யோசித்தார். “மத்த எல்லாருக்கும்.”

“நாளைக்கு ஊருக்குத் திறந்து விடுதோம். கடிபட்டவன் ஒருத்தன் இதைப் பாத்துட்டு ஒத்தப்பனைக்குப் போனா?”

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “செத்துப்போவான்,” என்றார் மெதுவாக.

நாச்சியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிக்கம்பியைச் சுத்திவிட்டா என்ன ஆகும்?”

“மோட்டார் எரிஞ்சி என் பட்டறைக்கு வரும். அப்படி வந்த மோட்டார்லதான் நான் வீடே கட்டினேன்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. “நானே சுத்தியிருக்கேனே தாயி.”

“சுத்தினதைப் பிரிப்போம், வாங்க.”

பிரித்தார்கள். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தி, இருப்புக் கோப்பு ஒன்றில் மட்டும், சர்வர் ஒன்றுக்கு மட்டும், எழுத உரிமை கொடுத்தார்கள். பிறகு தவசியாண்டியே சமையல்கட்டுக் கணக்கில் நுழைந்து, இருப்பை மாற்றப் பார்த்தார்.

அனுமதி இல்லை.

“நல்லா இரு சாமி,” என்றார் அந்த வரியைப் பார்த்து. மனசாரத்தான் சொன்னார்.

பக்கம் ஊருக்குத் திறந்தது. கடலை பறிப்பும் தொடங்கியது. முதல் வாரத்திலேயே காட்டில் ஒரு பெண்ணுக்குக் கடி. அவள் மகள் போனைத் தட்டிப் பார்த்து, நேராகத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். தாய் பிழைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்ட காலையில், அவித்த கடலை ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு தவசியாண்டி மடத்துக்கு வந்தார். சமையல்காரருக்கு ரெண்டு கை, பெருக்குகிறவருக்கு ரெண்டு கை என்று கொடுத்துக்கொண்டே பூக்கட்டும் அறைக்கு வந்து சேர்ந்தார்.

“மனசு நெறஞ்சி கிடக்கு தாயி. டாக்டருக்கு நன்றி சொல்லிட்டேன். உலகம் பூரா இருந்து எழுதிக் குடுத்தவங்களுக்கு, தினம் விளக்கேத்தும்போது சொல்லுதேன். உங்களுக்குச் சொன்னா ஏத்துக்கிட மாட்டீங்க, இருந்தாலும் சொல்லிட்டேன். ஒருத்திக்கு மட்டுந்தான் இந்த வாயால நல்ல வார்த்தை வராது.”

“யாருக்கு?”

“ஒத்தப்பனை நர்ஸுக்கு. அன்னைக்கு மொதல்ல அங்கதான் போனோம். வேன் நிக்கல, அதுக்குள்ள வாசலுக்கு ஓடி வந்து கையை விரிச்சி மறிச்சிக்கிட்டா. இங்க மருந்து இல்ல, இறக்காதீங்க, தாலுகாவுக்குப் போங்கன்னு ஒரே விரட்டு. நான் கதவைத் திறக்கேன், அவ வெளிய இருந்து அடைக்கா. காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். படுக்க ஒரு கட்டில் தரல, குடிக்க ஒரு மடக்குத் தண்ணி தரல. அவ எல்லாம் ஒரு மனுஷியா?”

நாச்சியார் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“தாலுகாவில டாக்டர் என்ன சொன்னார்?”

“இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா கையை விரிச்சிருப்பேன்னார்.”

“ஒத்தப்பனையில இறக்கி, கட்டில் போட்டு, தண்ணி குடுத்து உக்கார வச்சிருந்தா?”

“பிந்தியிருக்கும்,” என்றார் தவசியாண்டி. வெளியே முதல் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் கடலை மிச்சம் இருந்தது.

“அந்தம்மா பேருகூட எனக்குத் தெரியாதே தாயி,” என்றார்.

“போய்க் கேளுங்க அண்ணாச்சி,” என்றாள் நாச்சியார்.