முயலுக்கு வெள்ளி வாய்ப்பூட்டு

கடல் தன் எல்லை தாண்டாமல் நின்ற காலத்தில், அதன் ஓரத்தில் புன்னைத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. பட்டினத்தில் இளங்கண்டர் என்றொரு மர வணிகர் இருந்தார். அவர் வீட்டில் தூண் தேக்கு, கதவு தேக்கு, உட்காரும் மணையும் தேக்கு. மரத்தில் ஒரு கீறல் விழுந்தால் தன் முதுகில் விழுந்ததுபோல் அவருக்கு எரியும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வாசற்படி தாண்டி வந்த உயிர் எதுவானாலும் விருந்தாளி. வீட்டார் உண்பதையே விருந்தாளிக்கும் போட வேண்டும். அதற்குக் குறைத்துப் போட்டால் குடும்பத்துக்கே இழுக்கு. நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நல்ல வழக்கத்தைக் கொண்டும் ஓர் உயிரைக் கொல்ல முடியும். எப்படி என்று கேளுங்கள்.

ஒரு நாள், தூரதேசத்துக் கப்பல் தலைவன் ஒருவன், வாங்கிய மரம் பிடித்துப்போய் இளங்கண்டர் கையில் ஒரு கூடையைக் கொடுத்துவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டான். கூடைக்குள் காய்ந்த புல். புல்லின்மேல் ஒரு வெள்ளை முயல். அப்படி ஒரு முயலை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"பாவம், விருந்தாளியை மாடுமாதிரி புல்லில் போட்டு வைத்திருக்கிறானே" என்றாள் வணிகரின் மனைவி வடிவு. புல்லை அள்ளி வெளியே கொட்டினாள். வெள்ளிக் கிண்ணத்தில் பால்சோறு குழையப் பிசைந்து வைத்தாள்.

அவர்கள் மகள் செவ்வந்தி அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள். செவ்வந்திக்குப் பதினெட்டு வயது. சோறு ஆறிப்போனாலும் போகட்டும், பிடித்த வாதத்தை முடிக்காமல் இலையில் உட்கார மாட்டாள். அவளை வாயடைக்க வைத்த ஒரே ஜீவன் பஞ்சுதான். அது மடியில் தூங்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுவாள்.

முதல் மாதம் மணையின் ஓரம் போயிற்று. இரண்டாம் மாதம் துணிப்பெட்டியின் கால் போயிற்று. மூன்றாம் மாதம், இளங்கண்டரின் தகப்பனார் தன் கையால் செதுக்கிய கதவின் அடிவரிசையில், ஒரு யானைக்குத் தும்பிக்கை போயிற்று.

வேப்பெண்ணெய் பூசினார்கள். நக்கிப் பார்த்துவிட்டுக் கடித்தது. மிளகாய் அரைத்துப் பூசினார்கள். தும்மிவிட்டுக் கடித்தது. கைதட்டி விரட்டினார்கள். ஓடிப்போய் அடுத்த தூணைக் கடித்தது.

இளங்கண்டர் கூடத்தில் வழக்கு வைத்தார். அந்த வீட்டுச் சோறு தின்ற யார் தப்பு செய்தாலும் அங்கேதான் விசாரணை. பஞ்சு நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

குற்றம் சாட்ட எழுந்தவர் வடிவின் அண்ணன் சாத்தப்பன். "வெள்ளிக் கிண்ணத்தில் தின்றுவிட்டு வீட்டையே தின்கிறது. நன்றி கெட்ட பிராணி. பேசாமல் குழம்பு வைத்துவிடலாம்."

"மாமா, நீங்களும்தான் வந்து மூன்று மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். உங்களை யாராவது அடுப்பில் ஏற்றினோமா?" என்றாள் செவ்வந்தி.

வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இளங்கண்டர் சிரிக்கவில்லை. "விளையாட்டில்லை, பெண்ணே. என் அப்பாவின் கதவு. இதைக் காட்டில் விட்டுவிடுகிறேன்."

"இந்த வெள்ளை உடம்பு காட்டில் ஒரு பகல் தாங்குமா, அப்பா? நரிக்குப் பந்தி வைத்ததுபோல் ஆகும்."

"அப்படியானால் நீயே ஒரு வழி சொல்."

செவ்வந்தி எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றால் ஜெயித்துவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"குற்றம் செய்தது காதா? இல்லை. காலா? இல்லை. வாய். அப்போது தண்டனையும் வாய்க்குத்தானே? களத்தில் சூடடிக்கும் மாட்டுக்கு, நெல்லைத் தின்னாதபடி வாய்ப்பூட்டுப் போடுகிறோம். அதுபோல இதற்கும் ஒன்று போடுவோம். சாப்பாட்டு வேளைக்கு நானே கழற்றிவிடுகிறேன். கதவும் பிழைக்கும், முயலும் பிழைக்கும்."

கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. சாத்தப்பனே தலையாட்டினார். தட்டானை வரவழைத்து, வெள்ளிக் கம்பியில் வலை பின்னி, சின்னதாக ஒரு வாய்ப்பூட்டுச் செய்தார்கள். அதைக் கட்டியவள் செவ்வந்தி. வலிக்கக் கூடாதென்று உள்பக்கம் பட்டுத் துணி வைத்துத் தைத்தவளும் அவள்தான்.

கடிக்கும் சத்தம் நின்றது. "எங்கள் செவ்வந்தி தீர்ப்பு என்றால் தீர்ப்பு" என்று சாத்தப்பன் தெருவெல்லாம் சொன்னார்.

சில வாரம் போயிற்று. பஞ்சு பாதிச் சோறு மிச்சம் வைத்தது. வடிவு நெய் சேர்த்துப் பிசைந்தாள். பிறகு முக்கால்வாசி மிச்சம் வைத்தது. வடிவு வெல்லம் சேர்த்துப் பிசைந்தாள். பிறகு பாலை மட்டும் நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. "சொகுசு தலைக்கேறிவிட்டது" என்றாள் வடிவு.

செவ்வந்திக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலையில், வெயில் பட்டால் தேவலையாகும் என்று அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே புல்லறுக்கும் பெண் காத்தாயி, மரவண்டி மாடுகளுக்குக் கொண்டுவந்த புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் செவ்வந்தி வயதுதான். பின்கட்டைத் தாண்டி வீட்டுக்குள் அவள் வந்ததில்லை.

பஞ்சு செவ்வந்தியின் கையை உதறிக் கழுத்தை நீட்டியது. வெள்ளி வலை புல்லுக்கட்டில் உரச, முகத்தை அதற்குள் புதைக்கப் பார்த்தது.

"இதுக்கு என்னங்கம்மா போடுறீங்க?" என்று கேட்டாள் காத்தாயி.

"பால்சோறு. நெய் விட்டு."

"புல்லு?"

"விருந்தாளிக்கு யாராவது புல் போடுவார்களா?"

காத்தாயி கிட்டே வந்தாள். வாய்ப்பூட்டைக் கழற்றி, முயலின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். மேல்பற்கள் உள்பக்கமாகச் சுருண்டு அண்ணத்தில் குத்தி நின்றன. நாளுக்கு மூன்று வேளை செவ்வந்தி கழற்றிய பூட்டுதான். அந்த வாய்க்குள் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"முயலுக்குப் பல்லு நம்ம நகம் மாதிரி, சாகுறவரை வளந்துக்கிட்டே இருக்கும்" என்றாள் காத்தாயி. "புல்லையும் குச்சியையும் கொறிச்சுக் கொறிச்சுத்தான் தேச்சுக்கும். எங்க வயக்காட்டு முயலெல்லாம் அப்படித்தான். குழைஞ்ச சோத்துல எப்படித் தேயும்? அதான் உங்க கதவுல வந்து தேச்சிருக்கு."

"இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"யார் கேட்டீங்க? முயலு இருக்குன்னு கேள்விப்பட்டேன். கண்ணால பாக்குறது இன்னைக்குத்தான்."

 செவ்வந்தி மண்ணில் உட்கார்ந்தாள். "இந்தப் பல்லை வெட்டிவிடலாமா?"

"வெட்டலாம். ஆனா வயிறு முதுகோட ஒட்டிப்போச்சும்மா. தாங்காது."

சத்தம் கேட்டு இளங்கண்டர் வந்தார், பின்னால் வடிவும் சாத்தப்பனும். காத்தாயி நல்ல இளம்புல்லாகப் பார்த்து ஒரு பிடி உருவிப் பஞ்சுவின் முன்னால் வைத்தாள். அது முகர்ந்தது. மூக்கு துடித்தது. ஒரு புல்லைப் பல்லில் பிடிக்கப் பார்த்தது, நழுவியது. இன்னொன்றைப் பிடிக்கப் பார்த்தது, நழுவியது. மூன்றாவது தடவை முயலவில்லை. புல்லின்மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

"கதவு போனால் போகட்டும் என்று அன்றைக்கே நான் விட்டிருக்க வேண்டும்" என்றார் இளங்கண்டர்.

"கதவு போயிருக்காது, அப்பா. இதில் ஒரு பிடி கூடத்து மூலையில் போட்டிருந்தால் அது கதவுப் பக்கமே வந்திருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும், பெண்ணே" என்றார் சாத்தப்பன், குரல் இறங்கி. "அதைக் காப்பாற்றத்தானே அப்படி வாதாடினாய்."

"வாதாடினேன், மாமா. அது ஏன் கடிக்கிறது என்று நான் கேட்கவில்லை. எப்படிப் பேசினால் ஜெயிக்கலாம் என்றுதான் பார்த்தேன்."

அவள் உள்ளங்கை பஞ்சுவின் முதுகில் இருந்தது. அதன் அடியில் இருந்த சின்ன மூச்சு, வெயில் ஏறுவதற்குள் நின்றுபோயிற்று. வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை. 

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே: ஓர் உயிர் செய்வதைக் குற்றம் என்று தண்டிப்பதற்கு முன்னால், அதற்கு நாம் எதைக் கொடுக்காமல் போனோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.