ஒரே எட்டில் வந்தவன்

சிவகாசித் தியேட்டர் ஒன்றில் ‘பின்னோடும் முள் – 2’ இருபத்தைந்தாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலைக் காட்சி முடிந்ததும் படத்தின் கதாசிரியர் பூவராகன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர்தான், ஆனால் சொன்ன சொல் தவறாதவர். தன் கதையில் தன்னால் அடைக்க முடியாத ஓட்டை ஒன்றைக் காட்டுகிறவருக்கு, மூன்றாம் பாகத்தின் கதை விவாதத்தில் தன் பக்கத்து நாற்காலியைத் தருவதாக அறிவித்தார்.

ஏழாம் வரிசையில் சேர்மக்கனி இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். காலண்டர் அச்சகத்தில் தேதித்தாள்களுக்குப் பிழை பார்ப்பது அவள் வேலை. கதை எழுதுவது அவள் பைத்தியம். ஒன்பது வருடமாகச் சென்னைக்குக் கதை அனுப்புகிறாள், ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. இந்தப் படத்தை ஆறு தடவை பார்த்துவிட்டாள். தன் வயதே உள்ள அப்பாவோடு மகன் ஒரே சைக்கிளில் போகும் காட்சியில் ஆறு தடவையும் அழுதாள். வில்லனே இல்லாமல் இரண்டாம் பாதியைத் தொய்வில்லாமல் நகர்த்திய கெட்டிக்காரத்தனத்தை அச்சகம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அப்படிப்பட்ட படத்தில்தான், நாலாவது தடவை பார்க்கும்போது, ஓர் இடம் அவளை உறுத்தியது.

படத்தின் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். எதைச் செய்தாலும் ஜோடியாகவே செய்யும் கடிகாரக்காரர் ஒருவர் கால இயந்திரம் செய்கிறார். அதில் எண்களே கிடையாது. வட்டத் தகட்டைச் சுற்றித் தமிழ் வருடப் பெயர்கள் அறுபதும் இருக்கும். ஒரு பெயரில் முள்ளை வைத்துக் கைப்பிடியை முன்னாலோ பின்னாலோ தள்ளினால், அந்தத் திசையில் அந்தப் பெயரோடு முதலில் வரும் வருடத்தில் இயந்திரம் நின்றுவிடும். முதல் பாகத்தின் முடிவில் அது எரிந்துபோகிறது. இரண்டாம் பாகத்தில் நாயகன், குரோதி வருடமான 2024-லிருந்து, ‘பிரபவ’ என்று வைத்துப் பின்னால் தள்ளி 1987-க்குப் போய் அப்பாவைப் பார்க்கிறான். அங்கிருந்து ‘விளம்பி’ என்று வைத்து மறுபடியும் பின்னால் தள்ளி 1958-ல் தாத்தாவைப் பார்க்கிறான். பிறகு ‘குரோதி’ என்று வைத்து முன்னால் தள்ளி 2024-ல் தன் வீட்டு வாசலில் இறங்குகிறான். அம்மா கதவைத் திறக்கிறாள், படம் முடிகிறது.

முதலில் எழுந்தவர் இயற்பியல் ஆசிரியர் தேவசகாயம். எரிந்துபோன இயந்திரம் இரண்டாம் பாகத்தில் எப்படி வந்தது என்று கேட்டார். அடுத்து ரசிகர் மன்றச் செயலாளர் காஜா மைதீன் எழுந்தார். 2018-ம் விளம்பி வருடம்தானே, அதை விட்டுவிட்டு இயந்திரம் 1958-ல் போய் நிற்பானேன் என்று மடக்கினார். தியேட்டரே கைதட்டியது. பூவராகன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

சேர்மக்கனி எழுந்தாள்.

“போனது ரெண்டு எட்டு சார். வந்தது ஒரே எட்டு. அதான் இடிக்குது.”

பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பூவராகனின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றுவிட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் அந்த நாற்காலி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: கடிகாரக்காரர் ஜோடியாகச் செய்கிறவர். எரிந்தது ஒன்று, மிச்சம் இன்னொன்று. 1987-லிருந்து பின்னால் போனால் முதலில் வரும் விளம்பி 1958தான். ஆகவே முதல் இரண்டும் ஓட்டைகள் அல்ல. ஆனால் 1958-லிருந்து ஒரே எட்டில், ஒரே தாவலில், முன்னால் வந்தால்? பூவராகன் விரல்விட்டு எண்ணித் தடுமாற, சேர்மக்கனி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: விகாரி, சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி. ஆறே வருடம்! இயந்திரம் 1964-லேயே நின்றிருக்க வேண்டும். பூவராகன் தானே ஒரு நாற்காலியை மேடைக்கு இழுத்துவந்து அவளை உட்காரவைத்தார். இந்த ஓட்டையை எப்படியம்மா அடைப்பது என்று கேட்டார். சேர்மக்கனி சிரித்தாள். “அடைக்க வேண்டாம் சார். பையன் அறுபத்திநாலுலதான் நிக்கான். அப்ப அம்மா கதவைத் திறந்தது யாருக்கு?”