பொயிலருக்குத் தண்ணீர்

இங்கிலாந்தின் வடக்கே, பனி கொட்டும் ஒரு சிறு நகரத்தில் சுவாமி ஒருவர் இருந்தார். சீடர் கந்தவனத்தைவிட வயதில் இளையவர். அதனால் சீடரை அண்ணை என்றே கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை கந்தவனம் வந்தபோது, சுவாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் நின்றார். வீடு குளிர்ந்து கிடந்தது.

“சுவாமி, ஒண்டு கேக்கவேணும்.”

“கேளுங்கோ.”

“மகன் நாளைக்கு வாறான், ரெண்டு வருசத்துக்குப் பிறகு. போனமுறை ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தன். ‘காணும் அப்பா, போதும்’ எண்டிட்டுச் சாப்பிடாமலே எழும்பிப் போயிட்டான். இந்தமுறையும் அப்பிடிப் போனானெண்டால் இனி வரமாட்டான். நான் எதைச் சொல்ல, எதை விட?”

சுவாமி சுவரிலிருந்த, வீட்டைச் சூடாக்கும் பொயிலரைக் காட்டினார்.

“அமுக்கம் காட்டுற முள்ளு விழுந்துபோய்க் கிடக்கு. தண்ணி குறைஞ்சால் உது எரியாது. கீழ இருக்கிற குழாயைத் திறவுங்கோ. முள்ளு பச்சைக்கு வந்ததும் பூட்டுங்கோ.”

கந்தவனம் குனிந்து திறந்தார். தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே ஏறியது. அந்த இரைச்சலில் அவருக்குத் தன் ஊரான கரவெட்டியின் கிணறு நினைவுக்கு வந்துவிட்டது. துலா கிறீச்சிடும் விடியற்காலை, வாழைப் பாத்திக்கு ஓடும் நீர், நல்லநாளில் வாசலுக்கு நிறைகுடம் வைக்கும் அம்மா. ஒரு விரலளவு குறைந்திருந்தாலும் அம்மா திரும்பப் போய் நிரப்பிக்கொண்டுதான் வருவாள்.

“காணும் அண்ணை.”

“இன்னும் கொஞ்சம், சுவாமி. குறையாய் விடக்கூடாது.”

முள் பச்சையைத் தாண்டிச் சிவப்பை நெருங்கியபோதுதான் பூட்டினார். சுவாமி பொயிலரை மூட்டிவிட்டுத் தேத்தண்ணி வைத்தார்.

வீடு சூடேறியது. குடித்து முடிக்கவில்லை, வெளியே சீறும் சத்தம் கேட்டது. கந்தவனம் ஓடிப்போய்ப் பார்த்தார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் வழியே கொதிநீர் பாய்ந்து, முற்றத்துப் பனியில் குழி விழுந்துகொண்டிருந்தது.

“ஐயோ, உடைச்சுப்போட்டனோ?”

“உடையேல்லை. சூடேறினால் தண்ணி பெருக்கும். உள்ளுக்கு இடமில்லாட்டி வெளிய வந்திடும்.”

இருவரும் ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எல்லாம் நல்ல தண்ணி, சுவாமி.”

“நல்ல தண்ணிதான்.”

கந்தவனத்தின் குரல் இறங்கியது. “அப்ப நாளைக்கு வாயே திறக்கவேண்டாம் எண்டுறியளோ?”

“தண்ணி இல்லாட்டிலும் எரியாது எண்டு முதலே சொன்னன்.”

“அப்ப எவ்வளவு?”

சுவாமி கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

“பெடியனுக்கு நாளைக்கு என்ன சமைக்கப் போறியள்? அவனுக்கு இப்ப என்ன விருப்பம்?”

கந்தவனம் வாயைத் திறந்தார். கரவெட்டியில் எந்த வேலியில் எந்த மரம் நின்றதென்று அவருக்குத் தெரியும். இது தெரியவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.